முப்பத்தேழு டிகிரி

விஜயதசமி காலையில் சேலையூர் ஆய்வுக்கூடத்தைத் திறந்ததும் ஆராய்ச்சியாளர் கோகிலவாணியின் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட் வாடை அல்ல, சந்தன வாடை. காலடியில் பொரி நொறுங்குகிறது. மைக்ராஸ்கோப்பின் நெற்றியில் குங்குமம். ஸ்டெம் செல்கள் வளரும் இன்குபேட்டருக்கோ விபூதிப் பட்டையும் கதம்பச் சரமும். ராப்பகலாக முப்பத்தேழு டிகிரி என்று காட்டவேண்டிய அதன் திரை இருண்டிருக்கிறது. தரையில் சுருண்டு கிடக்கும் பிளக்குக்கும் ஒரு பொட்டு. "அக்கா, இத யாரு ஆஃப் பண்ணது?" துடைப்பத்தோடு வருகிற பச்சையம்மாவின் முகத்தில் அத்தனை பெருமை. "நான்தான் மேடம். பாவம், வருசம் பூரா ஓடிக்கினே கீது. ஆயுத பூஜைக்காச்சும் ரெஸ்ட் குடுக்க வேணாமா?"

கோகிலவாணி இன்குபேட்டருக்குள் இருந்த செல் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிகிறாள். மூட்டு தேய்ந்தவர்களுக்காக ஸ்டெம் செல்களிலிருந்து ஆறு வாரம் கண்ணும் கருத்துமாக வளர்த்த குருத்தெலும்புச் செல்கள் உருண்டு, பிரிந்து, செத்து மிதக்கின்றன. "கதவத் தொறக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!" "தொறக்கவே இல்ல மேடம். வெளிய பொட்டு மட்டும்தான் வெச்சேன்." கோகிலவாணிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. திட்ட வாயெடுப்பதற்குள் பச்சையம்மா மேசையைப் பிடித்தபடி முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்து பிளக்கைச் சொருகுகிறாள். திரையில் இருபத்தொன்பது எரிகிறது. அங்கிருந்தே அவள் கையை நீட்டுகிறாள். "கொஞ்சம் தூக்கி வுடுங்க மேடம், முட்டி மடங்க மாட்டேங்குது."