மீதித் தண்ணீர்

1983 சித்திரையில் கப்பல் வேலைக்குப் புறப்படும்போது சின்னராஜ் சொம்புத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை வைத்தான்.

"மிச்சம் வெக்காமக் குடிச்சுப்போட்டுப் போங்க மாமா" என்றாள் அவன் மனைவி சௌந்திரம்.

"எங்க கேஸ் கப்பல்ல சரக்கு எறக்குனாலும் டேங்க் அடியில அந்த ஐஸாட்டக் குளுந்த கேஸ் தண்ணியக் கொஞ்சம் உட்டுருவோம் சாமி. அப்பத்தான் டேங்க் சூடேறாது. அதுல தெனமும் கொஞ்சம் ஆவியாகும். அதை எரிச்சுக்கிட்டுத்தான் கப்பல் திரும்பி வரும். பதினஞ்சு நாளாகும்."

அவள் சொம்பை மூடி மாடத்தில் வைத்தாள். அந்தக் கோடையில் வெண்ணந்தூர்க் கிணறுகள் வற்றின. சொம்புத் தண்ணீர் குறையவில்லை. தொட்டால் சில்லென்று இருந்தது.

ஆவணியில் தந்தி வந்தது. அவன் கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் அவள் தாலியைக் கழற்றுவதென்று உறவினர்கள் முடிவு செய்தார்கள்.

மாமியார் மாரக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்பைக் கழுவ எடுத்தாள்.

"இருக்கட்டுங்கத்தை" என்று சௌந்திரம் வாங்கிக்கொண்டாள். "தந்தி வந்த நாள்ல இருந்து தெனமும் ஒரு மடக்கு கொறையுதுங்க. அவரு கெளம்பிட்டாருங்க."

பதினைந்தாம் நாள் காலையில் சொம்பு காய்ந்திருந்தது. சௌந்திரம் அதைத் துலக்கி, நிறையத் தண்ணீர் மொண்டு, வாசலில் நின்று இரு கைகளாலும் நீட்டினாள்.

"வாங்க மாமா" என்றாள்.

கையில் சொம்பின் கனம் மடக்கு மடக்காகக் குறைந்தது. பாதியானதும் நின்றுவிட்டது.