இவர் சுட்ட கிரானோலா

எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலிக்காரர்கள் காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். நேற்று எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்த கூத்தைச் சொல்கிறேன்.

இவர் கிரானோலா செய்தார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். வெந்நீர் வைக்கச் சொன்னால் எந்தப் பாத்திரத்தில் என்று கேட்பவர்.

கிரானோலா தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஓட்ஸோடு பாதாம், வால்நட், பூசணி விதை எல்லாம் கொட்டி, தேனும் எண்ணெயும் விட்டுப் பிசறி, ஓவனில் மொறுமொறுவென்று சுட்டு எடுக்க வேண்டும். அப்புறம் அதன் தலையில் பாலை ஊற்றி ஊற வைத்துத் தின்ன வேண்டும். ஊற வைக்கப் போவதை எதற்கு மெனக்கெட்டு மொறுமொறுப்பாக்க வேண்டும் என்று கேட்டேன். எனக்கு நாகரிகம் தெரியாதாம்.

இந்தக் குருவித் தீனியைத்தான் எங்கள் மகள் தினமும் காலையில் கடையில் வாங்கித் தின்கிறாள். நேற்று அவள் வருகிறாள் என்றதும், அப்பா தன் கையாலேயே செய்து அசத்தக் கிளம்பிவிட்டார். போனில் தாடிக்காரன் ஒருவன் செய்து காட்டுகிறான். இவர் அவனை ‘சார்’ என்கிறார்.

வெறும் பாசம் இல்லை அது.

போன மாதம் நான் வெளியே போயிருந்தபோது, வெறும் பாத்திரத்தை வைத்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு இவர் நடக்கப் போய்விட்டார். பாத்திரம் கருகி, கைப்பிடி உருகி, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஓடிவந்து அணைத்தார்கள். மகள் போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். இனி ஒரு தடவை அடுப்பில் ஏதாவது ஆனால், மறதிக்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்துவிட வேண்டியதுதான். இடம்கூடப் பார்த்தாயிற்றாம்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவரும் கேட்டார்.

அதனால்தான் இந்தக் கிரானோலா.

தேன் ஜாடியைக் கவிழ்த்த அழகில் மேடையெல்லாம் பிசுபிசு. கொத்தனார் பூச்சு வேலை செய்வது மாதிரி தட்டில் அப்பினார். தட்டை ஓவனுக்குள் தள்ளி, குமிழைத் திருகி, கண்ணாடிக் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். உள்ளே மஞ்சள் வெளிச்சம். பஸ் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்க்கிற அதே பார்வை. ஹாரன் ஒன்றுதான் பாக்கி.

நான் அந்தப் பக்கம் துடைப்பத்தோடு போகும்போதெல்லாம் அதட்டல் வேறு. “திறந்து கிறந்து வச்சிடாதே. பதம் போயிடும்!”

யார் திறக்கப் போகிறார்கள்? இறைத்த ஓட்ஸைப் பெருக்கவே எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அப்படிச் சுடுகிறதே, ஒரு வாசனை உண்டா?

மகள் வந்தாள். தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் நேரே சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

இவர் இரண்டு கைக்கும் தடித்த உறையை மாட்டி, குண்டுமணி அளவுகூடச் சிந்தாமல் தட்டை வெளியே எடுத்து மேடையில் வைத்தார். உஃப் உஃப் என்று ஊதினார். “சூடு பாப்பா, பார்த்து!”

மகள் ஒரு விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

தட்டு சில்லென்று கிடந்தது. அதில் ஓட்ஸ் தேனில் நனைந்து, போட்டது போட்டபடி கொழகொழவென்று இருந்தது. குமிழ், பல்பு படம் போட்ட இடத்தில் நின்றது. சூட்டுக்குத் திருகவே இல்லை. இவ்வளவு நேரமும் உள்ளே எரிந்த விளக்கைத்தான் மனிதர் காவல் காத்திருக்கிறார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார். உறை மாட்டிய கைகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. மகள் பைக்குள் கையை விட்டு போனை எடுத்தாள்.

“நான்தான் நிறுத்தினேன்,” என்றேன். “இவர் பாத்ரூம் போனப்போ. குருவி தின்னுறதுக்கு இவ்வளவு கரண்டை எரிக்கணுமா? இதுல நாற்காலி போட்டு வேடிக்கை வேற!”

அதோடு விடவில்லை. தாடிக்காரனில் ஆரம்பித்து பூசணி விதை வரைக்கும் ஒன்று பாக்கி வைக்காமல் திட்டினேன். அது எனக்குக் கைவந்த வேலை. யாருக்கும் சந்தேகம் வராது.

மகள் மூச்சை விட்டாள். போனை உள்ளே போட்டு, பையை இறக்கினாள். “ஏம்மா, அப்பா எது செஞ்சாலும் உனக்கு நக்கல்தானா? பாவம்மா அவரு!”

அவ்வளவுதான், இவருக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ. “பார்த்தியா பாப்பா? பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள வேலையைக் காட்டிட்டா உங்கம்மா!”

மகள் குமிழைச் சரியாகத் திருகினாள். அப்பாவும் பெண்ணுமாக என்னை வறுத்துக்கொண்டே அதையும் சுட்டு எடுத்தார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். தாடைக்குத்தான் வேலை, வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. இல்லம் என்ற பேச்சையே எடுக்காமல் மகள் கிளம்பிப் போனாள்.

எல்லாம் சரி. ஆனால் இவர் பாத்ரூம் போகவில்லை. உட்கார்ந்ததிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

நான் சொன்ன பொய்யோடு இவரும் கை கோத்துக்கொண்டாரா? இல்லை, நான் சொன்னதும் போய்வந்ததாகவே நினைத்துவிட்டாரா? கேட்டுவிடலாம்தான். இத்தனை திட்டிய வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

வீட்டுக்காரர் சொல்வது பொய்யா மறதியா என்று நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்.

பொய்தான் என்று சொல்கிறவர்கள் முதலில் எழுதுங்கள்.