பவுனம்மாள் பாடிய தட்டு

முள் நேராக நிற்கிறதா என்று பார்க்க, ரெக்கார்ட் பிளேயரின் சுழல்தட்டு மேல் மனைவி பவுனம்மாளின் கைக்கண்ணாடியை வைத்தான்.

முள்ளை மெல்ல இறக்கினான். மேலே ஒரு முள், கண்ணாடிக்குள் ஒரு முள். இரண்டும் ஒரே கோடாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. உள்ளே இருந்தது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

முள் பொருத்திய கார்ட்ரிட்ஜைப் பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, மறுபடி முடுக்கினான். துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் மூழ்கி, கண் தெரியாத தண்ணீரில் ஆணி தடவிப் பார்த்த விரல்கள். இந்தக் கடுகு போன்ற திருகுகள் அவற்றுக்குப் பிடிபடாமல் நழுவின.

பவுனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில், பழைய சேலைத் துணியில் சுற்றிய கறுப்புத் தட்டு.

போன வருஷம் பொருட்காட்சியில் அவள் பாடிய தட்டு அது. குரலைப் பிடித்துத் தட்டாக்கித் தரும் கடைக்குள் அவள் மட்டும் போனாள். அவன் வெளியே ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, பாட்டு என்று கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள்.

கடைக்காரர் எச்சரித்து அனுப்பியிருந்தார். இது மெழுகு மாதிரி இளசு. கிராமபோன் ஊசி பட்டால் ஏர் உழுத மாதிரி ஆகிவிடும். முள் கனத்தாலும் கோணினாலும் குரல் பொடியாக உதிர்ந்துவிடும். இன்னொன்று கிடையாது.

ராயபுரத்தில் எத்தனையோ பேர் கேட்டும் அவள் அந்தத் தட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. அது இதுவரை சுழன்றதே இல்லை. லேசான முள் உள்ள கரண்ட் பிளேயரை அவன் மூர் மார்க்கெட்டில் அலைந்து பிடித்தான். அதில் கார்ட்ரிட்ஜ் செத்திருந்தது. புதியது இன்றைக்குத்தான் கிடைத்தது.

முதலில் கீறல் விழுந்த ஒரு பழைய தட்டை ஓடவிட்டான். முள்ளை இறக்கிவிட்டு, தட்டைப் பார்க்காமல் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா பவுனு, எப்டி கீது?"

அவள் மூக்கைச் சுருக்கி, உதட்டை அகலமாக அசைத்தாள். இரைச்சல்.

அவன் உதடு பார்த்துத்தான் புரிந்துகொள்வான். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஆழத்தில் காது வெடித்து மேலே வந்தான். சீழ் பிடித்து இரண்டு காதும் அடைத்துப்போயின. அதற்குப் பிறகு முக்குளிக்கவில்லை; படகில் நின்று மற்றவர்களுக்குக் கயிறு பிடிக்கிறான். பவுனம்மாளின் குரல் தடிப்பா, மெலிசா, அவனுக்குத் தெரியாது.

முள்ளின் நுனியைப் பார்த்தான். கறுப்புப் பொடி சேர்ந்திருந்தது. கனம் அதிகம். முள்ளின் தலையில் கனத்துக்காக ஒட்டியிருந்த காலணாவைப் பிய்த்துவிட்டு ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினான். மறுபடி கண்ணாடி. மறுபடி திருகு. இப்போது இரண்டு முள்ளும் ஒரே கோடு.

மறுபடி பழைய தட்டு, மறுபடி அவள் முகம். புருவம் இறங்கியது. கண் தானாக மூடியது.

அவள் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். துணியைப் பிரித்துத் தன் தட்டை நீட்டினாள்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளை இறக்கினான்.

பவுனம்மாளின் முகம் சிவந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு அதுவே போதும்போல இருந்தது.

ஆனாலும் முள் இளசான தட்டை அறுக்கிறதோ என்று பயம். திருகு முடுக்கிய திருப்புளியின் கம்பியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பெட்டியை இரு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் குனிந்து பார்த்தான். திருப்புளியின் நுனி ஸ்பீக்கர் பொருத்திய பலகையில் முட்டியது.

தாடை அதிர்ந்தது.

தண்ணீருக்குள் கப்பல் இன்ஜின் எலும்பில் உறுமுமே, அது போல. ஆனால் இது உறுமவில்லை. ஏறி, இறங்கி, நின்றது. நின்ற இடத்தில் ஒரு மூச்சு இழுபட்டது.

இன்ஜின் மூச்சு விடாது.

தலையைத் தூக்கினான். உலகம் பழையபடி மூடிக்கொண்டது. மறுபடி நுனியைப் பலகையில் வைத்தான். மண்டைக்குள் ஒரு பெண்.

குரல் கொஞ்சம் தடிப்பு. ஓரத்தில் லேசாக உடைந்தது.

குனிந்தபடியே இருந்தான். கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தான். எதிரே பவுனம்மாளின் வாய் மூடியிருந்தது. அவள் குரலோ அவன் தலைக்குள் பேசிக்கொண்டிருந்தது.

ஆமாம், பேசிக்கொண்டிருந்தது. பாட்டு இல்லை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒருமுறை, கோபத்தில் ஒருமுறை, தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை. சொற்களின் ஒலியையே மறந்துபோயிருந்த மண்டைக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

"எத்திராஜு... யோவ் எத்திராஜு... சோறு ஆறுது, வா எத்திராஜு..."

கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று, ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியை விட்டுச் சொல்லவைப்பவள் பவுனம்மாள்.

அவன் கண் நிறைவதை அவள் பார்த்தாள். பலகையை முட்டும் திருப்புளியைப் பார்த்தாள். புரிந்ததும், பதறிப்போய் முள்ளைத் தூக்கக் கை நீட்டினாள்.

அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

கேட்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும். சொல்ல வாயைத் திறந்தால் கம்பி விழுந்துவிடும்.

பல்லை இன்னும் இறுக்கிக்கொண்டான்.