கணக்கு டீச்சரின் புகார்

"யாரோ படிச்சுட்டுப் போகட்டுமே, விடேன்" என்றார் கணவர்.

கணக்கு டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"தொண்டை வறளப் பேசி ஒவ்வொரு பாடமா வீடியோ போடறேன். ஒருத்தர் அதை அப்படியே எடுத்து, என் குரலை மட்டும் அழிச்சுட்டு, மூலையில தான் நிக்கற படத்தை ஒட்டி, தன் சேனல்ல போடறார். ஒரு வார்த்தை கேட்கலை. எப்படி விடறது?"

காலையில் அவள் வீடியோ தளத்துக்குக் கொடுத்த புகாரில் அந்தச் சேனலையே முடக்கிவிட்டார்கள். அப்படியும் மனசு ஆறவில்லை. சாயங்காலம் அவள் நம்பரைத் தேடிப் பிடித்து அந்த ஆளே கூப்பிட்டார்.

"மேடம், கேட்காம எடுத்தது தப்புதான். நாளன்னிக்குப் பரீட்சை. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தவிக்கிறாங்க. அதுவரைக்குமாவது அனுமதி கொடுங்க."

"என் சேனல் எல்லாருக்கும் இலவசம்தானே சார். அங்க வந்து பார்க்கச் சொல்லுங்க."

"பார்த்தாங்க மேடம். நீங்க சொல்றது புரியலை."

அவளுக்குச் சுருக்கென்றது. "அவ்வளவு மோசமாவா நடத்தறேன்?"

"ஐயோ, இல்லை மேடம். அவங்களுக்குக் காது கேட்காது. நீங்க பேசறதையெல்லாம் நான் மூலையில நின்னு கையால சொல்வேன்."

டீச்சர் அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். போனை வைத்ததும் புகாரை வாபஸ் வாங்கப் பார்த்தாள். பரிசீலிக்க ஒரு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. மறுபடியும் அவருக்கே போன் போட்டாள்.

"சார், உங்க பள்ளிக்கூடம் எங்கே இருக்கு? நாளைக்குக் காலையில நானே வந்து நடத்தறேன். நீங்க என் பக்கத்துல நில்லுங்க."