அபிராமத்துக்காரியின் கண்

டாக்டர் வருவதற்குள் நாகலெட்சுமி கதவைச் சாத்தினாள். சாத்திய கையோடு மறுபடி திறந்து எட்டிப் பார்த்தாள்.

உள்ளே கட்டிலில் அவள் கணவர் வேல்ராஜ், கண்ணில் கட்டோடு. வெளியே பெஞ்சில் அவர் தங்கச்சி பானுப்பிரியா, கறுப்புக் கண்ணாடியோடு.

குலசாமி கோயிலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் தண்ணீர் விட்டார் வேல்ராஜ். கொதித்துத் தெறித்து இரண்டு கண்ணும் போயிற்று. மிளகாய்க் காட்டுக்குப் போகவும் ஒருத்தர் கைபிடிக்க வேண்டியிருந்தது.

கருவிழியைப் புதுப்பிக்கிற ஸ்டெம் செல்லெல்லாம் வெந்துவிட்டது, இன்னொருவரின் நல்ல கண் ஓரத்திலிருந்து துளி எடுத்து வைக்க வேண்டும், கூடப்பிறந்தவர்கள் கொடுத்தால் நல்லது என்றார் டாக்டர்.

கூடப்பிறந்தவள் ஒருத்தி அபிராமத்தில் இருந்தாள். அவளோடுதான் பேச்சுவார்த்தையே இல்லை.

தன் பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டுப் பச்சைத்தண்ணீர்கூட ஆகாது அவருக்கு. வீம்பில் வேல்ராஜை அடித்துக்கொள்ளக் கமுதிப் பக்கம் ஆளே கிடையாது. தங்கச்சி கொடுத்தது என்று தெரிந்தால் ஆப்பரேசன் மேசையிலிருந்து இறங்கி, குருடனாகவே ஊருக்கு நடந்துவிடுவார். அதனால் யாரோ புண்ணியவான் கொடுத்தது என்று சொல்லிவைத்திருந்தாள் நாகலெட்சுமி.

இப்போது பார்வை வராவிட்டால்? வந்து, முதலில் தங்கச்சியையே பார்த்துவிட்டால்? போயிரு தாயி என்று கெஞ்சியும் பானுப்பிரியா அசையவில்லை. அண்ணனுக்குக் கண் தெரிகிறதா என்று தெரியாமல் போகமாட்டாளாம். வீம்பு அந்தக் குடும்பத்துச் சொத்து.

டாக்டர் வந்து கட்டை அவிழ்த்தார். விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார்.

வேல்ராஜ் விரலைப் பார்க்கவில்லை. நாகலெட்சுமி சாத்த மறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

வெளியே பானுப்பிரியா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

“அபிராமத்துக்காரிகிட்ட சொல்லு, கண்ணக் கசக்க வேணாம்னு. போன்ல சொல்லாத. நேர்ல போய்ச் சொல்லு” என்றார் வேல்ராஜ்.

உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள் நாகலெட்சுமி.

“ஆப்பரேசனுக்குப் படுத்திருக்கையில, பக்கத்துக் கட்டில்ல இருந்தவகிட்ட நர்சம்மா அப்பா பேரு கேட்டாக. எங்கய்யா பேரச் சொன்னா.”