விசையைத் தொட்டு எத்தனை நேரம்

பொன்னரசு இறந்து இரண்டு வருடமாகியும், தூரத்துச் சர்வரில் அவருடைய லாகின் திறந்தபடியே கிடந்தது. ஆஸ்பத்திரி டோக்கன் தளத்தை அதிலிருந்துதான் ஓடவிட்டிருந்தார். மூடினால் தளமும் நின்றுவிடும் என்று ஒருவரும் கை வைக்கவில்லை. இன்று தளம் புதுச் சர்வருக்கு மாறிவிட்டது.

"இனிமே அதை மூடிடும்மா," என்றார் மேனேஜர்.

சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாகக் கீபோர்டு விசையைத் தொட்டு எத்தனை நேரமாகிறது என்று காட்டும் பட்டியலை மெர்லின் வரவழைத்தாள். அவளும் பொன்னரசுவும்தான். அவர் பெயருக்கு நேரே நேற்றுவரை எழுநூற்றுச் சொச்சம் நாள் என்றிருந்தது. இன்று இருவருக்கும் பூஜ்யம் விநாடி.

"சார், பொன்னரசு அண்ணன் லாகின்ல வேற யாராவது இருக்கீங்களா?"

"யாரும் இல்லையேம்மா."

கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பெயருக்கு நேரே எண் ஏறியது: ஐந்து விநாடி, ஆறு, ஏழு. அவருடைய பூஜ்யம் அசையவேயில்லை.