போஸ்டர் தின்னப் போன வெள்ளாடு

ஆடு மாடுகளுக்கு வாய்ப்பேச்சு இருந்த நாளில், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு புதுப் போஸ்டர் ஒட்டினார்கள். காயாத மைதாப் பசையின் மணம் மூன்று தெரு தாண்டி வந்து, காலையிலிருந்து பட்டினி கிடந்த செவந்தி என்ற வெள்ளாட்டின் மூக்கைப் பிடித்து இழுத்தது. ஓடி வந்து பார்த்தால், போஸ்டருக்கு முன்னால் பளபளக்கும் உடையில் ஒரு பெண் நிற்கிறாள். ஒருவன் மண்டியிட்டுப் படமெடுக்கிறான். சுற்றி நின்ற கூட்டம், வேடிக்கை பார்க்கிற சாக்கில் தலை சீவிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா அக்கா, மனுசங்க பவுசை! தக்காளி வாங்க வந்த ஆளு வயித்தை எக்கிக்கிட்டு நிக்கிறாரு!" என்று பக்கத்திலிருந்த எருமையிடம் சிரித்தது செவந்தி.

"உனக்கெதுக்குடி அது? பசை காயறதுக்குள்ள போய்த் தின்னு."

செவந்தி கூட்டத்துக்குள் புகுந்து, போஸ்டரின் ஓரத்தைக் கிழித்து வாயில் வைத்தது.

"ஆட்டை விரட்டாதீங்க, அழகா இருக்கு!" என்று படமெடுப்பவன் கத்தினான். காமிரா அதன் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான்! மெல்லுவதை நிறுத்திவிட்டு, தாடியைச் சற்றே தூக்கி நின்றது செவந்தி.

எருமை நிதானமாக வந்து மீதிப் போஸ்டரை உரித்துத் தின்று முடித்தது. "ஏண்டி, வாயில இருக்கிறதையாவது முழுங்கேன்," என்றது.

"சும்மா இரு அக்கா," என்றது செவந்தி, உதடு அசையாமல். "மென்னா கன்னம் உப்பிடும்."